வெள்ளிக்கிழமை வார்த்த சறுக்குகள்

பொன்னழகு வேலைக்குப் போகும் இடத்தை அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஃபைபர் கம்பெனி என்பார்கள். கம்பெனி என்றதும் இரும்பு கேட், வாட்ச்மேன், சங்கு என்று எதையாவது நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்து திரும்ப வேண்டியதுதான். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற சாலையில், ஒரு புளியமரத்தை ஒட்டித் தகரம் வேய்ந்த நீளக் கொட்டகை. அவ்வளவே. பள்ளிக்கூடங்களுக்கும் பூங்காக்களுக்கும் போகிற சறுக்குப் பலகைகள் அங்கேதான் பிறக்கின்றன. கொட்டகைக்குள் அதைச் சுருக்கமாகச் சறுக்கு என்பார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. மேலே பிள்ளைகள் வழுக்கிக்கொண்டு வரும் பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கும். அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தவர்களுக்குத்தான் உள்ளே நார் இருப்பது தெரியும்.

வேலை இப்படி. அச்சின் உட்புறத்தில் முதலில் வண்ணப் பூச்சைப் பீச்சியடிப்பார்கள். அது இறுகியதும் அதன்மேல் கண்ணாடி நாராலான வெள்ளை விரிப்பைப் பரப்பி, ரெசின் என்கிற பிசினைப் பிரஷ்ஷால் பூசி, வரிவரியான இரும்பு உருளையால் உருட்டி, உள்ளே மாட்டிய காற்றுக் குமிழ்களை விரட்ட வேண்டும். அதன்மேல் இன்னொரு விரிப்பு, இன்னொரு பூச்சு. இப்படி நாலு அடுக்கு. எல்லாம் சேர்ந்து இறுகி ஒரே உடம்பாகிவிட்டால் ஒரு யானைக்குட்டி ஏறி நின்றாலும் அசையாது.

பொன்னழகு பிறந்தது கன்னிவாடிப் பக்கம், பூக்காட்டில். அழகுக்காகச் சொல்லவில்லை. வலி கண்ட நேரத்தில் அவள் அம்மா மல்லிகைச் செடிகளுக்கு நடுவே மொக்குப் பறித்துக்கொண்டிருந்தாள். பொன்னழகு எட்டாவது வரை படித்தாள். படிப்பு ஏறாமல் நின்றவள் இல்லை, பூப்பறிக்க ஆள் இல்லாமல் நிறுத்தப்பட்டவள். கருப்பணனுக்கு வாக்கப்பட்டுத் திண்டுக்கல்லுக்கு மேற்கே குடிவந்தாள். கருப்பணனுக்குச் சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ. காலையில் பூ மூட்டைகளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, மிச்ச நேரத்தில் கிடைத்த பாரத்தை ஏற்றுவான். அப்படி ஒருநாள் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சறுக்கு ஏற்றப் போனவன், உள்ளே பெண்கள் உட்கார்ந்து உருளை உருட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். இவளும் போய்ச் சேர்ந்தாள்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே உருளை அவள் கைக்கு வந்துவிட்டது. அழுத்தினால் பிசின் ஓரத்துக்கு ஓடிவிடும், அழுத்தாவிட்டால் குமிழ் நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள அழுத்தத்தை அவள் கை எங்கிருந்தோ கண்டுபிடித்து வைத்திருந்தது. அவள் உருட்டிய சறுக்கை வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒரு குமிழ் தெரியாது. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை அவள் மறைத்ததும் இல்லை. பக்கத்தில் உருட்டுகிற பானுப்ரியாவின் துண்டைப் பார்த்து, "என்னடி, அப்பளம் சுட்டு வச்சிருக்க?" என்பாள். பானுப்ரியாவும் சளைக்காமல், "ஆமாக்கா, நீங்க சோறு போடுங்க, நான் அப்பளம் போடுறேன்" என்பாள்.

அந்த வாடையைச் சொல்லாமல் அந்த வேலையைச் சொல்ல முடியாது. ரெசின் டின்னைத் திறந்ததும் தித்திப்பும் காரமும் கலந்தாற்போல ஒரு நெடி மூக்கில் ஏறும். ஸ்டைரீன் என்று அதற்குப் பெயர். புதிதாக வருகிறவர்களுக்குக் கண் எரியும், தலை கனக்கும், சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது குடித்தவர்போலக் கிறுகிறுக்கும். பழகிவிடும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். பழகவும் செய்யும். நெடி ஒன்றும் குறைந்திருக்காது. அதை வந்து சொல்வதை மூக்கு நிறுத்தியிருக்கும், அவ்வளவுதான். நனைத்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்பது கொட்டகையின் நம்பிக்கை. சாயங்காலம் ஆளுக்கொரு சிறுமலை வாழைப்பழம் கொடுப்பார்கள். நெஞ்சில் படிந்ததைப் பழம் வழித்துக்கொண்டு போய்விடும் என்பது இன்னொரு நம்பிக்கை. பொன்னழகும் துண்டைக் கட்டினாள், பழத்தைத் தின்றாள், ஆண்டுகள் போயின.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து, காப்பி போடலாமென்று அடுப்படியில் நின்றாள். கையில் லைட்டர். அவள் மகள் தமிழ்மதி, பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறவள், டியூஷன் முடிந்து அப்போதுதான் வாசலுக்கு வந்தாள். வந்தவள் அங்கேயே நின்று, "அம்மா, லைட்டரக் கீழ வை" என்றாள். கத்தவில்லை. அந்தக் குரலே பொன்னழகின் கையை நிறுத்தியது. தமிழ்மதி ஓடிவந்து சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். ரப்பர் குழாய் வளைவில் வெடித்திருந்தது. வீடு முழுக்க கேஸ்.

"உனக்கு அடிக்கலையாம்மா?"

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே."

அப்புறம் தமிழ்மதி அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கீழே பிடித்தாள். பொன்னழகு கண்ணை மூடியபடியே, "தொறந்துட்டியா?" என்று கேட்டாள்.

டப்பா திறந்தேதான் இருந்தது. பொன்னழகு கண்ணைத் திறந்து டப்பாவைப் பார்த்தாள். பூ மூட்டையோடு மூட்டையாக வளர்ந்தவள். எந்தக் காட்டு மல்லிகை, எப்போது பறித்தது என்று மூக்கை வைத்தே சொல்லிக்கொண்டிருந்தவள். இது எப்போது போனது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. திருடு போனது தெரியாமல் பூட்டிய வீட்டுக்குக் காவல் இருந்தாற்போல இருந்தது.

மறுநாள் முதலாளியிடம் போனாள். கொட்டகையின் முதலாளி அப்துல் வாஹித். ஆட்கள் பாய் என்பார்கள், பொன்னழகு அண்ணே என்பாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"இந்த வாடை கொறையலைன்னா நான் நின்னுக்கிறேண்ணே. இந்த வேலை எனக்குப் பிடிக்கும். அதுக்காக மூக்கக் குடுக்க முடியாது. இன்னொரு தடவ எம்மக சரியான நேரத்துக்கு வாசலுக்கு வருவான்னு இருக்கா?"

வாஹித் சண்டைக்கு வரவில்லை. அவரைப் பெற்ற அத்தா தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்தில் தோல் வாடை அடிக்கிறதென்று தன் பக்கத்தில் உட்கார மறுத்த பையன்களை வாஹித் இன்னும் மறக்கவில்லை. அந்த நாற்றத்திலிருந்து தப்பித்து இந்த நாற்றத்துக்கு வந்தேன் என்று தானே சொல்லிக்கொண்டார். வெள்ளிக்கிழமை குளித்து, வெள்ளை உடுத்தி, அத்தர் பூசிக்கொண்டு ஜும்மா தொழுகைக்குப் போனாலும், பக்கத்தில் நிற்கிறவர் அவர் வந்துவிட்டதைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொள்கிறாராம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு முடிந்த பிறகு, பொன்னழகை ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

மதுரையிலிருந்து ரெசின் விற்க வருகிற பிரபு என்ற இளைஞரை வரவழைத்தார். வேதியியல் படித்தவர், வாயைத் திறந்தால் மூடமாட்டார், ஆனால் வேலை தெரிந்தவர். முதலில் கூரையைப் பார்த்தார். காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன் உச்சியில் இருந்தது. ரெசின் நெடி காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் கிடக்கும், நீங்களோ தரையில் உட்கார்ந்து அச்சுக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்கிறீர்கள் என்றார். மேலே இருக்கிற ஃபேன் இழுக்கும்போது கொஞ்சநஞ்சம் மேலே போவதும் உங்கள் முகத்தைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது என்றார். சந்தேகப்பட்டவர்களுக்காக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் இழையைக் குச்சியில் கட்டிப் பிடித்துக் காட்டினார். இழை அவர்கள் மூக்கைப் பார்த்தே ஆடியது. வாஹித்தின் அக்கா மகன் முகமது யாசின், பிசின் கலக்குவதும் வண்ணம் பீச்சுவதும் அவன் வேலை, ஊதுபத்தி கொளுத்தினால் இன்னும் நன்றாகத் தெரியுமே என்றான். இங்கே தீக்குச்சி கிழித்தால் பார்ப்பதற்கு ஆள் இருக்கமாட்டோம் என்றார் பிரபு.

ஃபேன் மேற்குச் சுவரில் தரையோரமாக இறங்கியது. கிழக்கே ஷட்டர் திறந்தது. நல்ல காற்று முதுகுப்பக்கம் வந்து அச்சைக் கடந்து போகும்படி எல்லோரும் திரும்பி உட்கார்ந்தார்கள். நாள் முழுக்கத் திறந்து கிடந்த பிசின் வாளிகளுக்கு மூடி வந்தது. பிசினைக் கரைக்கிற அசிட்டோனில் கை கழுவுவது நின்று தேங்காயெண்ணெயும் சோப்பும் வந்தன. துண்டு நெடியைத் தடுக்காது என்று சொல்லி, நெடியை வடிகட்டுகிற இரண்டு குப்பி கன்னத்தில் தொங்கும் முகமூடிகளைப் பிரபு கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்ட பானுப்ரியா, "யக்கா, நான் விமானம் ஓட்டப் போறேன், வாரீயளா?" என்றாள். பழத்தைப் பற்றிப் பிரபுவிடம் கேட்டார்கள். பழம் நல்லதுதான், நுரையீரலுக்குப் போகாது, வயிற்றுக்குத்தான் போகும் என்றார். பழம் தொடர்ந்தது.

இதெல்லாம் செய்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. மேற்கே ஒரு கத்தரித் தோட்டம். ஃபேன் தள்ளுகிற நெடி அங்கே களையெடுக்கிற பெண்களுக்குத்தானே போகும் என்று பொன்னழகு கேட்டாள். அதற்காகத்தான் பிரபு ஒரு புது ரெசினைக் கொண்டுவந்திருந்தார். இதில் ஸ்டைரீன் குறைவு. கூடவே கொஞ்சம் மெழுகு கலந்திருக்கிறது. பூசி முடித்ததும் மெழுகு மேலே வந்து பாலாடை மாதிரிப் படிந்துகொள்ளும், நெடி உள்ளேயே அடங்கிவிடும். நெடி அறவே போகாது, அதனால் முகமூடியைக் கழற்றக் கூடாது, ஆனால் பெருமளவு குறையும்.

"ஒரே ஒரு விஷயம் பாய். நடுவுல நிறுத்தாம நாலு அடுக்கையும் போட்டுறணும். நிறுத்துனீங்கன்னா, மேல நல்லாத் தேய்ச்சுட்டுத்தான் அடுத்ததப் போடணும்."

"நாங்க எங்க தம்பி நிறுத்துறோம்? காலையில உக்காந்தா முடிச்சுட்டுத்தான் எந்திரிப்போம்" என்றார் வாஹித். அதில் எல்லோருக்கும் உடன்பாடு.

அதற்குப் பிந்திய நாட்களைப் பொன்னழகு நன்றாக நினைவு வைத்திருக்கிறாள். சாயங்காலத் தலைவலி முதலில் போனது. பஸ்ஸில் கிறுகிறுப்பு நின்றது. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண் கருவாட்டுக் கூடையோடு வந்து உட்கார்ந்தாள். முன் சீட்டுக்காரர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள், கண்டக்டர் முணுமுணுத்தார். பொன்னழகுக்கு எங்கோ தூரத்தில் யாரோ கூப்பிடுவதுபோல, மெலிதாக, கருவாடு. அவள் கூடைப்பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் விலை சொல்லத் தொடங்கிவிட்டாள். எல்லாம் திரும்பவில்லை. மல்லிகை வரவில்லை, பெருங்காயம் ஒருநாள் வரும், மறுநாள் வராது. ஆனாலும் பூட்டிய வீட்டுக்குள் ஒரு விளக்கு எரிவது தெரிந்துவிட்டது. அது மறுபடி அணையாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் இனி அவளுக்கு முக்கியம்.

அந்த நேரத்தில்தான் வத்தலக்குண்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு சறுக்கு திரும்பி வந்தது. அடிப்பக்கம் இரண்டு அடுக்கு அப்படியே கழன்று, தோசை மாதிரி உரிந்து தொங்கியது. நல்லவேளை, பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னாலேயே வாத்தியார் பார்த்துவிட்டார். வாஹித் அன்று சாப்பிடவில்லை. ஒரு பிள்ளை ஏறி நடுவில் விரிசல் விட்டிருந்தால் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து நத்தத்திலிருந்து ஒன்று. அதற்கடுத்து கொட்டகையில் அடுக்கியிருந்ததிலேயே ஒன்று.

மூன்றும் பச்சை.

பச்சைக்கு அந்தக் கொட்டகையில் ஒரு கதை உண்டு. வாஹித் தொழில் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. முதன்முதலில் வார்த்தது பச்சை. அது கைராசியாக அமைந்ததால், அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை என்றால் பச்சைதான் வார்ப்பார்கள், மற்ற நாளில் பச்சை கிடையாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் யாசின் யாரையும் கேட்காமல் பச்சைச் சாயத்தைத்தான் எடுப்பான்.

எனவே பழி பச்சைச் சாயத்தின் மேல் விழுந்தது. புது ரெசினுக்கும் பச்சைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றான் யாசின். வேறு கடையிலிருந்து வேறு பச்சை வாங்கினார்கள். கிளிப்பச்சை போய்த் தென்னம்பச்சை வந்தது. அதுவும் உரிந்தது. பிரபுவிடம் போனில் பேசினார்கள். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "பாய், நடுவுல எங்கயாச்சும் நிறுத்துனீங்களா?" என்றார். இல்லை தம்பி என்றார் வாஹித். ராத்திரி போட்டு வைத்துவிட்டுக் காலையில் தொடர்ந்தீர்களா என்று மறுபடி கேட்டார். ஒருநாளும் இல்லை என்றார். பிரபுவுக்கும் பிடிபடவில்லை. நேரில் வருகிறேன் என்றார், ஆனால் அவர் வருவதற்கு நாளாகும்.

வாஹித்தால் காத்திருக்க முடியவில்லை. பிள்ளைகள் ஏறி விளையாடுகிற சாமான். வெளியே போன பச்சைகளையெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லித் தானே ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் போன் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து பழைய ரெசினுக்கே போய்விடுவோம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லிவிட்டார். சொல்லும்போது பொன்னழகின் முகத்தைப் பார்க்கவில்லை. பழைய ரெசின் டிரம் வந்து புளியமரத்து நிழலில் நின்றது.

பொன்னழகு வீட்டுக்கு வந்து பாலைக் காய்ச்சினாள். தமிழ்மதிக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்துவிட்டு, கருப்பணன் வரட்டுமென்று மிச்சப் பாலை அப்படியே வைத்திருந்தாள். அவன் வர நேரமாகிவிட்டது. வந்தபோது பாலில் ஆடை கெட்டியாகப் படிந்திருந்தது. பால் போதாதென்று இன்னொரு சட்டியிலிருந்து மேலே கொஞ்சம் ஊற்றினாள். ஊற்றிய பால் ஆடையின் மேல் தனியாக நின்று, அப்புறம் ஓரமாக வழிந்தது. ஆடை அசையவில்லை. கீழே ஒரு பால், மேலே ஒரு பால்.

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் செத்த நேரம் அப்படியே நின்றாள்.

பாலாடை மாதிரி என்றுதான் பிரபு சொன்னார். நிறுத்தினால் தேய்க்க வேண்டும் என்று சொன்னார். மற்ற நாளில் நாலு அடுக்கையும் முடித்த பிறகுதான் சாப்பாடு. வெள்ளிக்கிழமை என்ன செய்கிறோம்? காலையில் வண்ணம் பீச்சி, இரண்டு அடுக்குப் போடுவோம். அண்ணனும் யாசினும் குளித்துத் தொழப் போவார்கள். நாங்கள் சாப்பிட்டுப் புளியமரத்தடியில் படுப்போம். அவர்கள் வந்ததும் அடுத்த இரண்டு அடுக்கு. பழைய ரெசின் அவ்வளவு நேரமானாலும் மேலே பிசுபிசுவென்று இருக்கும், அடுத்த அடுக்கைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். இதுவோ ஆடை கட்டிவிடுகிறது. உரிந்த சறுக்குகள் எல்லாமே இரண்டாம் அடுக்குக்கும் மூன்றாம் அடுக்குக்கும் நடுவில்தான் உரிந்திருந்தன.

கருப்பணனிடம் சொன்னாள். அவன் காப்பியைக் கீழே வைத்துவிட்டான்.

"புள்ள, இத வாய விட்டுச் சொல்லிராத. தொழுகைக்குப் போறதாலதான் கெட்டுப்போச்சுன்னு சொன்னதா ஆயிரும். நல்ல மனுசன். நோகடிச்சுராத."

அவன் சொன்னது அவளுக்கும் புரிந்தது. இத்தனை வருடத்தில் வாஹித் ஆடி மாதக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவளுக்கு விடுப்பு மறுத்ததில்லை, ஏன் போகிறாய் என்று கேட்டதில்லை. அவள் போய் உங்கள் ஜும்மா நேரம்தான் காரணம் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமலிருந்தால் திங்கட்கிழமை அந்த டிரம் திறக்கும். டிரம் திறந்தால் ஒன்று வேலை, இல்லை மூக்கு. படுத்தும் அவளுக்கு மனசு ஓயவில்லை. அடுப்படியில் தமிழ்மதி வழக்கம்போல சிலிண்டர் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு விளக்கை அணைக்கிற சத்தம் கேட்டது. கேஸ் கசிந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்ட வேலை அது.

மறுநாள் சனிக்கிழமை. மிச்சமிருக்கிற புது ரெசினில் இரண்டு சின்னத் துண்டு போட்டுப் பார்க்கட்டுமா என்று வாஹித்திடம் கேட்டாள். போடு என்றார், மனமில்லாமல். ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். சனிக்கிழமை பச்சை கலப்பதற்கு யாசின் தயங்கி மாமாவைப் பார்த்தான். அவர் கையை விரித்தார்.

பச்சைத் துண்டை நாலு அடுக்கும் ஒரே மூச்சில் உருட்டி முடித்தாள். மஞ்சளில் இரண்டு அடுக்குப் போட்டுவிட்டு உருளையை வைத்துவிட்டாள். பானுப்ரியா என்னக்கா என்று கேட்டதற்கு, வா சாப்பிடலாம் என்று கூட்டிக்கொண்டு போனாள். சாப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பானுப்ரியா இரண்டு தூக்கம் போட்டு எழுந்தாள். அப்புறம்தான் வந்து மஞ்சளின் மிச்ச இரண்டு அடுக்கையும் போட்டாள். இரண்டையும் அச்சிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தாள். வெயில் இறங்குகிற நேரத்தில் ஓர் உளியைக் கொண்டுவந்து வாஹித்தின் கையில் கொடுத்தாள்.

"உரிச்சுப் பாருங்கண்ணே."

பச்சையில் உளி இறங்கவில்லை. ஓரம் சிதறியதே தவிர அடுக்கு பிரியவில்லை. மஞ்சளில் உளியை நடுவில் வைத்து நெம்பினார். சர்ரென்று இரண்டாகப் பிரிந்து வந்தது. வாஹித் இரண்டு பாதியையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவற்றைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை நாள் பழித்ததற்குச் சமாதானம் சொல்வதுபோலப் பச்சைத் துண்டைத் தடவினார்.

"மஞ்சளுக்கு என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலண்ணே. ரெண்டு அடுக்குப் போட்டுட்டு விட்டுட்டேன்."

"எம்புட்டு நேரம்?"

அவள் தரையைப் பார்த்தாள். பானுப்ரியா சட்டென்று வாளிகளை மூடப் போய்விட்டாள், மூடியிருந்த வாளிகளை.

"நீங்க வெள்ளிக்கெழம போயிட்டு வார நேரம்ணே."

யாசின் கையிலிருந்த துணியை மெல்லக் கீழே வைத்தான். வாஹித் மஞ்சள் துண்டின் உட்புறத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. மறுபடி தேய்த்தார்.

"அந்தத் தம்பி ரெண்டு தடவ கேட்டுச்சு, நடுவுல நிறுத்துனீங்களான்னு. நான் இல்லன்னேன். பொய் சொல்லல, பொன்னு. ஜும்மாவ நான் ஒருநாளும் நிறுத்தம்னு நெனச்சதில்ல."

"நாங்களுந்தாண்ணே நெனைக்கல. எங்களுக்கும் அது சாப்பாட்டு நேரந்தான்" என்றாள் பொன்னழகு. அது உண்மை. அத்தனை பேரும் பிரபு சொன்னதைக் காதால் கேட்டவர்கள். நிறுத்தம் என்றதும் எல்லோர் மனதிலும் ஷட்டர் இறங்குகிற ராத்திரிதான் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் யாருக்கும் வரவில்லை. அது நாளோடு சேர்ந்தது, கொட்டகையின் கூரை மாதிரி எப்போதும் தலைக்கு மேலே இருப்பது. அதை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

"சொல்றதுக்குப் பயந்தியாக்கும்?" என்று கேட்டார் வாஹித்.

"பயந்தேன்."

"நல்லா பயந்த போ. எம் முதுகுக்குப் பின்னால ரெசின் ஆட கட்டுதுன்னா அதுக்கு அல்லா என்ன செய்வான், நாந்தான பாத்துக்கணும்." கொஞ்சம் சிரிப்பு வந்தது அவருக்கு. அப்புறம் முகம் கவலைக்குத் திரும்பியது. தொழுகைக்குப் போகாமல் இருக்க முடியாது. நடுவில் தேய்த்தால் தூசி பறக்கும். நெடி போய்த் தூசி வந்த கதையாகும். வெள்ளிக்கிழமை வார்ப்பதையே விட்டுவிடலாமா என்றார். அந்த யோசனை அவருக்கே பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. விடியக்காலையிலேயே வந்து முடித்துவிடலாமா என்று பொன்னழகு கேட்டாள். அவளுக்கே அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது.

வழி யாசினுக்குத்தான் தோன்றியது.

"மாமு, கலர் மட்டும் அடிச்சுட்டுப் போயிருவோம். அது இறுகுறதுக்கு எப்படியும் அம்புட்டு நேரம் காத்துக்கிட்டுத்தான் கெடக்கணும். அதுல மெழுகும் கெடையாது. வந்து உக்காந்தா நாலு அடுக்கும் ஒரே மூச்சு."

அங்கேயே பிரபுவுக்குப் போன் போட்டார்கள். வாஹித் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கேட்ட பிரபு, தான் ராத்திரியை மட்டும் கேட்டிருக்கக் கூடாது, நாள் எப்படி நடக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும் என்றார். யாசின் சொன்னது சரியான முறைதான் என்றும் சொன்னார். இனி ரெசின் கொண்டுபோகிற ஒவ்வொரு இடத்திலும் முதலில் சாப்பாட்டு நேரத்தைக் கேட்பேன் என்றார்.

திங்கட்கிழமை அந்த டிரம் திறக்கப்படவில்லை. கருப்பணனின் லோடு ஆட்டோவில் ஏறிக் கடைக்கே திரும்பிப் போனது. வண்டி கிளம்பும்போது கருப்பணன் மனைவியைப் பார்த்து, "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியே" என்றான். குரலில் குற்றச்சாட்டு இல்லை. திரும்பி வந்த பச்சைச் சறுக்குகளை ஷட்டருக்கு வெளியே போட்டு, தண்ணீர் தெளித்துத் தூசி எழாமல் தேய்த்து, மறுபடி அடுக்குப் போட்டு, ஏறிக் குதித்துப் பார்த்த பிறகே அனுப்பினார்கள். பானுப்ரியாதான் குதித்தாள். அதற்குத் தனிப் பழம் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. யாசின் யாரையும் கேட்காமல் பச்சைச் சாயத்தை எடுத்தான். அச்சு முழுக்கப் பச்சையைப் பீச்சிவிட்டு, மாமனும் மருமகனும் குளிக்கப் போனார்கள். பெண்கள் புளியமரத்தடிக்குப் போனார்கள். பொன்னழகு சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு ஒருமுறை வந்து, அச்சின் ஓரத்தில் விரல் நுனியை வைத்துப் பார்த்தாள். விரல் ஒட்டியது, பச்சை விரலில் வரவில்லை. இறுக வேண்டிய அளவுக்கு இறுகிக்கொண்டிருந்தது. இனி அவர்கள் வரலாம்.

கிழக்குப் பக்கத்து ஷட்டர் வழியாக வாஹித் உள்ளே வந்தபோது அவள் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நார் விரிப்பை வெட்டிக்கொண்டிருந்தாள். நல்ல காற்று வருகிற பக்கம் அது. அவரைக் கடந்து வந்த காற்றில் என்னவோ இருந்தது. அவள் கத்தரிக்கோலை நிறுத்தினாள். தான் நினைத்துக்கொள்கிறோமா, உண்மையிலேயே வருகிறதா என்று அவளுக்கு நிச்சயமில்லை. பானுப்ரியாவின் பக்கம் சாய்ந்து, "ஏண்டி, அத்தர் அடிக்குதா?" என்று கேட்டாள்.

"அடிக்குதாவா? பாய் இன்னைக்குக் குப்பியவே கவுத்துட்டு வந்திருக்காருக்கா."

பொன்னழகு இன்னொரு முறை மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். இந்தமுறை வரவில்லை. ஆனால் முதல்முறை வந்தது வந்ததுதான், அதற்குச் சாட்சியும் இருக்கிறது. சாயங்காலம் மகளிடம் சொல்ல வேண்டும். சொன்னாலும் அந்தப் பிள்ளை சிலிண்டரை முகர்ந்து பார்ப்பதை விடமாட்டாள், விடவும் கூடாது.

முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு, முதுகை ஷட்டர் பக்கம் காட்டி அச்சின் முன் உட்கார்ந்தாள். யாசின் பிசினைக் கலந்து கொண்டுவந்து வைத்தான். முதல் விரிப்பு இறங்கியது. இரண்டாவது அடுக்கு முடிந்தபோது பானுப்ரியா தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கையால் சைகை காட்டினாள். பொன்னழகு உருளையை நிறுத்தாமலே, உட்கார் என்று கண்ணைக் காட்டினாள். நாலாவது அடுக்கின் கடைசிக் குமிழ் ஓரம் வந்து உடையும் வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை.